ஆரின் வாசெக் ஆதரித்த மசோதா

"சாகப் பாத்தேங்கிறத எடுத்துடுப்பா. இல்லன்னா நான் வரல."

டெல்லா அப்பாவின் கையிலிருந்த தாளைப் பிடுங்கி, நடுவில் இருந்த பத்தியைப் பேனாவால் அடித்தாள். சமையலறை மேசையில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

ஆரின் வாசெக் டயர் கடைக்காரர். கடையில் வாயைத் திறந்தால் வசவு. மேடையில் வாயே திறக்காது. அப்படிப்பட்டவர் மறுநாள் மாநிலத் தலைநகரில், மசோதாக்கள் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும் செனட் குழுவின் முன்னால் பேசப் போகிறார். டெல்லா பிறந்தபோது பையன் என்று பதிவானவள். இப்போது பதினாறு வயதுப் பெண். அவளைப் போன்ற பிள்ளைகளுக்கு மருத்துவர் தரும் சிகிச்சையைப் பதினெட்டு வயதுவரை தடை செய்ய ஒரு மசோதா வந்திருந்தது. அது சட்டமானால் அவள் இரண்டு வருடங்களாக எடுத்துவரும் மருந்து நின்றுவிடும்.

"அந்தப் பத்திதான்டி முக்கியம்," என்றாள் அம்மா மார்லிஸ். "அவனுங்கள அழ வெச்சாத்தான் ஏதாவது நடக்கும்."

"நான் என்ன, சந்தையில நிறுத்தி எல்லாரும் தடவிப் பாக்குற கன்னுக்குட்டியாம்மா? என் அழுகைய அவங்ககிட்ட காட்டித்தான் மருந்து வாங்கணுமா?"

மார்லிஸின் கண் கலங்கியது. ஆரின் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

"சரி, அத எடுத்தாச்சு. மொத வரியையும் ஏன் அடிச்ச?"

"குழுத் தலைவர மடையன்னு சொல்லி ஆரம்பிச்சிருக்க."

"உண்மையத்தான சொல்லச் சொன்னாங்க?"

மார்லிஸுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "வேற என்னதான் சொல்றதாம்?" என்றாள்.

"வீட்டுல நடக்கறதச் சொல்லட்டும்," என்றாள் டெல்லா.

மூவரும் உட்கார்ந்து எழுதினார்கள். அடித்து, சேர்த்து, சண்டை போட்டு, மறுபடி அடித்து எழுதினார்கள்.

மறுநாள் குழு அறையில் நிற்க இடமில்லை. தடையை எதிர்த்துப் பேச வந்தவர்களின் வரிசை படிக்கட்டுவரை நீண்டது. குழுத் தலைவர் செனட்டர் டன்கெல் கூட்டத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "ஆளுக்கு மூணு நிமிஷம் கட்டுப்படியாகாது. ஒரு நிமிஷம் போதும்."

ஆரின் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து தொண்டையைச் செருமி, தன் பெயரையும் ஊரையும் சொல்லி, "என் பொண்ணு..." என்று தொடங்கினார். தாள் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து இரண்டு வரி படிப்பதற்குள் மணி அடித்தது. ஒலிவாங்கி செத்தது.

"நன்றி. அடுத்தவர்."

திரும்பி வந்து உட்கார்ந்தவரின் காது சிவந்திருந்தது. "போலாமாப்பா?" என்று கேட்டாள் டெல்லா. அவர் சுவரில் ஒட்டியிருந்த அன்றைய நிகழ்ச்சி நிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் பேசி முடித்ததும் அடுத்த மசோதா வந்தது. அது டன்கெலின் சொந்தக் குழந்தை: பெற்றோர் உரிமை மசோதா. "ஒரு பிள்ளைக்கு எது நல்லதுன்னு பெத்தவங்களுக்குத் தெரியாததா அரசாங்கத்துக்குத் தெரிஞ்சுடப் போகுது?" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். "ஆதரவாப் பேசறவங்க யாராவது? இதுக்குக் கூட்டம் கம்மிதான். மூணு நிமிஷம் எடுத்துக்கலாம்."

ஆரின் எழுந்தார்.

"நீங்க... ஆதரிக்கவா வந்திருக்கீங்க?"

"முழு மனசோட ஐயா. நீங்க இப்ப சொன்னீங்களே, அதுல ஒரு எழுத்து தப்பில்ல. உதாரணத்துக்கு என் வீட்டையே எடுத்துக்குங்க." அவர் தாளைப் பிரித்தார். "என் பொண்ணு முன்னெல்லாம் விளக்கை அணைச்சுட்டு இருட்டுலதான் குளிப்பா. தன் உடம்பத் தானே பாக்கப் பிடிக்காது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். யோசிச்சோம், பயந்தோம், மறுபடி யோசிச்சோம், அப்புறந்தான் மருந்து ஆரம்பிச்சோம். இப்ப கண்ணாடி முன்னால நின்னு பாட்டுப் பாடறா. குளியலறைய விட்டு வெளியவே வரமாட்டேங்கறா. நான் முகம் கழுவாமத்தான் கடை திறக்கறேன். எனக்கு இருக்கற ஒரே குறை அதுதான்."

அறை சிரித்தது. டெல்லா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். விரல் இடுக்கில் அவள் பல் தெரிந்தது.

"இது வேற மசோதாவாச்சே!" என்றார் டன்கெல்.

"அதே பெத்தவன்தான் ஐயா. அதே பிள்ளைதான். நீங்க கொடுத்த மூணு நிமிஷத்துல இன்னும் மிச்சம் இருக்கு, பேசலாமா?"

பேசினார். மணி அடிக்கும்வரை பேசினார். முடித்ததும், குறிப்பெடுக்கும் பெண் தலையைத் தூக்கி, "ஐயா, இவர எதுல போடறது? ஆதரவா, எதிர்ப்பா?" என்று கேட்டாள்.

டன்கெல் தண்ணீர் குடித்தார். பிறகு, "ஆதரவு" என்றார்.

அன்று மாலைக்குள் குழு இரண்டு மசோதாக்களையும் நிறைவேற்றி அனுப்பியது. பிள்ளைக்கு எது நல்லது என்று பெற்றோருக்கே தெரியும் என்றது ஒன்று. தெரியாது என்றது மற்றொன்று. இரண்டுக்கும் உயர்ந்தவை அதே கைகள்தான்.