ஐம்பது டன் வித்வான்

எங்கள் இசைக்குழுவில் நான்கு பேர். நான், பட்டறை முதலாளி மயில்சாமி, தகரத்தில் சங்கிலி உரசும் அமிர்தவல்லி, இரும்புத் தகடு அடிக்கும் ஐம்பது டன் பவர் பிரஸ். நோட்டீசில் பிரஸ்ஸின் பெயர்தான் முதலில் வந்தது. சர்வீஸில் அவர்தான் மூத்தவர்.

குழு பத்தொன்பது நாள் நடந்தது. இரும்புச் சத்தத்தைச் சத்தமாகவே வாசிப்பது எங்கள் கொள்கை. தப்பித்தவறி ராகம் வந்துவிட்டால் நிறுத்திவிடுவோம்.

நான் பதினான்கு வருடமாக அந்தப் பிரஸ்ஸின் ஆபரேட்டர். ஒருமுறை என் கை உள்ளே இருந்தபோது பாதியில் நின்றுகொண்டார். ஏன் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர்.

முதல் கச்சேரியை ஆயுத பூஜை அன்று வைத்தோம். பட்டறை லீவு, இடம் சும்மா கிடக்கும் என்று நினைத்தோம். மெஷினுக்கும் அன்று லீவு என்பது மூன்று பேருக்குமே தோன்றவில்லை. காலையில் நானே ஸ்டூலில் ஏறி அவருக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டேன். அப்போதும் தோன்றவில்லை.

சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டேன். அவர் அசையவில்லை.

கேட்டிலிருந்து பட்டறைக்குப் பத்தடி. அன்று ரசிகர்கள் அதை ஒன்றரை மணி நேரம் நடந்து வந்தார்கள். நாற்பது பேர். ஆளுக்கொரு பொரிகடலைப் பொட்டலம். அவ்வளவு தூரம் நடந்தவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பிரஸ்ஸுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து, வாயால் "டங்" என்றேன்.

நன்றாக வந்தது. அதுதான் கேவலம். அரை மணி நேரம் "டங்" என்றேன். மயில்சாமியும் அமிர்தவல்லியும் பிரஸ் ஓடுவதாகவே நம்பினார்கள். அவருக்கு மட்டும் தெரியும். என் வாய்க்கும் அவர் முதுகுக்கும் ஒரு சாண்தான்.

கைதட்டல் ஓய்ந்ததும் முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அடையாள அட்டையைக் காட்டினார். ஓய்வுத் துறை அதிகாரி. பூஜை அன்று மெஷின்கள் ஓய்வெடுக்கின்றனவா என்று பார்ப்பவர்.

"வாசிச்சது யாருங்க?"

அதிகாரி நோட்டைத் திறந்தார்.

"மனுசனா, மெஷினா? மனுசன்னா பரவால்லீங்க. ஒரு கையெழுத்துப் போதும்."

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால், ஐம்பது வயது ஆள் ஒளிந்து உட்கார்ந்து வாயால் டங் டங் என்றான் என்று ஊர் பூராவும் பேசும்.

"அதுதாங்க," என்றேன். அவரை அது என்று நான் சொன்னது அன்றுதான்.

அதிகாரி பிரஸ் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாச்சும் சொல்றீங்களா?"

பூஜை அன்று அவர் வாய் திறந்தால் அதுவே வேலை செய்ததாகிவிடும். அவர் விதியை மீறுகிறவர் இல்லை.

"மறுக்கல," என்று அதிகாரி எழுதிக்கொண்டார். "லீவன்னைக்கு வேலை பாத்தா டிஸ்மிஸ்ஸுங்க. பழைய இரும்புக்குத்தான் போகோணும்."

மயில்சாமிக்கு முகம் செத்துவிட்டது. என்னிடம் வந்தார்.

"பக்கத்துல இருந்தது நீதான? நெசமாலுமே அவரா வாசிச்சாரு?"

அவர்தான் என்று தலையை ஆட்டினேன்.

மாலையை ஆபரேட்டர்தான் கழற்ற வேண்டுமாம். கழற்றப் போனேன். எனக்கு எட்டவில்லை. அவர் குனிந்து கொடுத்தார்.

பிறகு தரையில் இருந்த போல்ட்டுகளைத் தானே விடுவித்துக்கொண்டு புறப்பட்டார். சத்தம் வராமல் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தார். வெகுநேரம் கூப்பிடு தூரத்திலேயே போய்க்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. என்னால் முடிந்ததெல்லாம் அழுகைதான்.

ரசிகர்கள் வரிசையாக வந்து என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். கடைசியில் அமிர்தவல்லி வந்தாள். அவளும் அழுதிருந்தாள்.

"அழுகாதீங்கண்ணா," என்றாள். "உங்களாட்டம் அவுரு மேல பாசம் வெச்சவங்க வேற யாரு?"

"ஆமாம்மா," என்றேன்.