கோர்வைக்கு நடுவில் ஒரு டீ

இளவரசி தறியில் உட்கார்ந்துவிட்டால் டம்ளரைக் கையில் வாங்கமாட்டாள். புடவையின் உடலும் கரையும் சேருகிற கோர்வையில் கையை எடுத்தால் இழை தளர்ந்துவிடும். நான்தான் டம்ளரை அவள் வாயருகே கொண்டுபோக வேண்டும். பட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் குடிப்பாள். அன்று காலையும் அப்படித்தான் கொடுத்தேன். பாதி டம்ளர் இறங்கிய பிறகுதான் இருவருக்கும் உறைத்தது: வெறும் வயிற்றில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டிய நாள்.

"யோவ், இன்னாய்யா குடுத்த?"

"டீ."

"சர்க்கரை?"

"எப்பவும் போலதான். கொஞ்சம் தாராளமா."

எங்கள் வீட்டில் நெசவாளி என் மனைவிதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கு இழை ஓட்டும் நாடாவை எறிகிறவன். தொழில் பழகுகிறவர்கள் செய்யும் வேலை; மீசை நரைத்தும் எனக்குப் பதவி உயர்வு வரவில்லை. அவள் கோர்க்கும் கரையில் ஒரு இழை விலகாது. அதைச் சொல்லிக்கொண்டு தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடப்பது மட்டும் நான்.

மறுநாள் கிளினிக்கில் நர்ஸ் செல்லியம்மாள் கேட்டார்: "இன்னிக்காவது ஒழுங்கா வந்தீங்களா?"

"பச்சைத் தண்ணிகூட குடிக்கல சிஸ்டர்" என்றேன்.

"உன்னை யாருய்யா கேட்டா?"

ரத்தம் எடுத்த கையோடு ஒரு டம்ளர் நிறைய குளுக்கோஸ் கரைத்து இளவரசியிடம் நீட்டினார். அதைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டுமாம். அவள் ஒரே மூச்சில் குடித்து, முகத்தைச் சுளித்தாள்.

"இதுக்கு உன் டீயே தேவலாம்."

பெஞ்சில் காத்திருந்தோம். தறிக்குழியின் மிதியைத் தேடுவதுபோல் அவள் கால்கள் மாறி மாறி அசைந்துகொண்டிருந்தன.

டாக்டர் இந்திராணி ஊருக்குப் புதியவர். போன வாரம் இவள் கழுத்தைச் சுற்றியிருந்த கருமையைப் பார்த்ததும் இந்தப் பரிசோதனையை எழுதியது அவர்தான். தேய்த்துக் குளித்தால் போய்விடும் என்று தேங்காய் நார் வாங்கிக் கொடுத்த மேதை நான். பாவம், தோல் எரிய எரியத் தேய்த்தாள்.

"சர்க்கரை நோய் இல்லம்மா. ஆனா அதுக்கு முந்தின கட்டத்துல இருக்கீங்க" என்றார் டாக்டர். "உங்கள மாதிரி சினைப்பைல நீர்க்கட்டி இருக்கிறவங்களுக்கு இன்சுலின் சரியா வேலை செய்யாது. கழுத்து கருக்கிறதும் அதனாலதான். மத்தவங்களவிட சுகர் வர வாய்ப்பு அதிகம். இப்ப தெரிஞ்சதால தடுக்கப் பாக்கலாம்."

"தறில உக்காரலாமில்ல?"

"உக்காருங்க. நடுநடுவுல எழுந்து நடக்கணும்."

"நடக்கிறேன்" என்றாள் இளவரசி, முதலாளியிடம் புடவைக்கு நாள் சொல்லும் அதே குரலில். "இனிமே சர்க்கரை டப்பாவ இந்தாளு தொடமாட்டாரு."

நான் சிரிக்கத்தான் நினைத்தேன். வேறு வார்த்தை வந்தது.

"பத்து வருஷமா புள்ள வேணும்னு இந்த நீர்க்கட்டிக்கு எத்தினி டாக்டருங்கள பாத்தோம்! உடம்பக் குறை, சாமிய வேண்டிக்கோன்னாங்க. ஒருத்தர்கூட சுகர் பாக்கலியே, ஏன் டாக்டரம்மா?"

இளவரசியின் கை வழக்கம்போல் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடியது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அந்தக் கையையே பார்த்தார்.

"பாத்திருக்கணும்பா. புள்ள நிக்குதான்னு மட்டும்தான் பாத்தாங்க. இவங்களப் பாக்கல."