ஜான் பாஷா சொன்ன பயன்கள்

1

இது ஒரு கட்டுரையாகத்தான் தொடங்கியது. பச்சைத் தேயிலை உடம்புக்குச் செய்யும் நன்மைகளை எழுதச் சொல்லி ஒரு மாத இதழ் கேட்டிருந்தது. ‘பச்சைத் தேநீர் களைப்பைப் போக்கும், செரிமானத்துக்கு உதவும், மேலும்’ என்று எழுதி, அந்த ‘மேலும்’ மீதே நின்றுவிட்டேன். இத்தனை நன்மைகளையும் முதலில் யாரோ யாரிடமோ வாயால் சொல்லியிருப்பார்கள். எதற்காகச் சொன்னார்கள்? அந்தக் கேள்வியிலிருந்து வந்தவர் ஜான் பாஷா. அவரை 1932இல் ஆம்பூரில் குடிவைத்தேன்.

2

‘பாலாறு வற்றிய ஒரு கோடையில்’

வேண்டாம். ஆற்றிலிருந்து தொடங்கினால் ஆள் வருவதற்குள் பக்கம் முடிந்துவிடும்.

ஜான் பாஷா ரங்கூனில் வெகுகாலம் தோல் தரம் பிரித்தவர். மனைவி ரஃபத் ஜஹானை அங்கேயே அடக்கம் செய்துவிட்டுத் தனியாகக் கப்பலேறி ஊர் திரும்பினார். பிள்ளைகள் இல்லை. தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்சந்தில் ஒரு வாடகை வீடு. மனைவியோடு குடித்துப் பழகிய பச்சைத் தேயிலையை மட்டும் விடவில்லை. தீர்ந்தால் ரங்கூன் நண்பர் ஒருவர் ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்தனுப்புவார்.

3

பக்கத்து வீட்டுச் சாமுவேல், ஷாப்பில் ஆவாரம்பட்டைத் தொட்டியில் வேலை செய்பவன், ஒரு மாலை வாசலில் நின்று கேட்டான்.

“இன்னா பாய், பால் இல்ல, சர்க்கர இல்ல. பட்டத் தண்ணி மாதிரி இருக்குது?”

“ரங்கூன்ல அவளும் நானும் குடிச்சது.”

சாமுவேல் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். துக்கத்தின் பக்கத்தில் எப்படி உட்காருவதென்று அவனுக்குத் தெரியவில்லை. (எனக்கும் தெரியாது. அதனால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

மறுநாளும் கேட்டான். இந்த முறை ஜான் பாஷா, “வயித்துக்கு நல்லது,” என்றார்.

சாமுவேல் உட்கார்ந்தான்.

பிறகு தலைவலிக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தான். “தலவலிக்கும் கேக்கும்,” என்றார் ஜான் பாஷா. மூட்டுவலிக்காரர் வந்தார். அதற்கும் “கேக்கும்”தான். ஜான் பாஷா கடைக்குப் போய்ப் புதிதாகக் கண்ணாடி டம்ளர்கள் வாங்கிவந்தார். மாலையானால் வீட்டில் பேச்சுச் சத்தம்.

[இந்த இடத்தில் அவர்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஏமாற்றுக்காரரா? யாரிடமும் அவர் எதையும் வாங்கவில்லை. டம்ளர் காலியாகும்வரை ஒருவர் எதிரே இருந்தால் போதும். ஆனாலும் பொய் பொய்தான். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.]

4

மழைக்குப்பின் சாமுவேலுக்கு முறைக்காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் தூக்கிப்போடும். ஆஸ்பத்திரியில் கொய்னா மருந்து கொடுத்தார்கள். ஒரு மாலை அவன் மனைவி மரியம்மாள் ஜான் பாஷாவின் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டாள். நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“பாய், கொய்னாவ சாக்கடைல கொட்டிட்டாரு. ஒங்க தண்ணியே போதும்ன்றாரு. ஒடம்பு நெருப்பா கொதிக்குது. இது காய்ச்சலுக்குக் கேக்குமா, நீங்களே சொல்லுங்க.”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

‘“கேக்கும்மா,” என்று அவர்’

முடிக்க முடியவில்லை. இன்னொன்றும் எழுதிப் பார்த்தேன். அதில் அவர் பேசாமலே இருந்தார். அது இதைவிட மோசமாக இருந்தது.

அவர் எழுந்தார். வந்தவர்களை அப்படியே விட்டுவிட்டுச் சாமுவேல் வீட்டுக்குப் போனார். போர்வைக்குள் பல் கிடுகிடுக்கக் கிடந்தான் சாமுவேல்.

“அது மருந்து இல்ல, சாமுவேலு. கொய்னா சாப்டு.”

“நீங்கதான பாய் சொன்னீங்க, எல்லாத்துக்கும் கேக்கும்னு?”

“சொன்னேன்.”

“ஏன் சொன்னீங்க?”

ஜான் பாஷா தரையைப் பார்த்தார்.

“சொன்னாதான நீ உக்காந்த.”

சாமுவேல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பின்னாலேயே வந்து வாசலில் நின்றவர்களும் கேட்டுவிட்டார்கள். ஜான் பாஷா அவர்களைத் தாண்டி நடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் மறுபடி கொய்னா கேட்டு வாங்கிவந்து, மரியம்மாள் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். டம்ளர்களில் பாதித் தேநீர் ஆறிக் கிடந்தது. ஆள் இல்லை.

5

காய்ச்சல் விட்டது. சாமுவேல் மெலிந்துபோய் வேலைக்குத் திரும்பினான்.

ஜான் பாஷா வீட்டுக்கு யாரும் வருவதில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. தெருவில் சலாம் வைக்கிறார்கள், விலகி நடக்கவில்லை. வருவதற்குக் காரணம்தான் இல்லாமல் போயிற்று. தண்ணீர் கொதிக்கும் சத்தம் முன்பு இவ்வளவு கேட்குமா என்று அவர் ஒருநாள் யோசித்தார்.

ஒரு முடிவில் அவரை ரங்கூனுக்குத் திருப்பி அனுப்பினேன். அங்கே மனைவியின் கபர்தான் இருக்கிறது. அடித்துவிட்டேன்.

இன்னொன்றில் சாமுவேல் சிரித்தபடி உள்ளே வந்தான். எழுதும்போது எனக்கு இதமாக இருந்தது. அது என் ஆசை, அவனுடையது அல்ல. உயிர் போகப் பார்த்தது அவனுக்கு.

ஆகவே அவனைச் சந்தில் நிறுத்தியிருக்கிறேன். ஷாப்பு விட்டு வருகிறான், கையில் தொட்டிக் கறை. தன் வீட்டுக்குப் போக ஜான் பாஷாவின் வாசலைத் தாண்டியாக வேண்டும். உள்ளே அவர் தனியாக ஊற்றிக்கொண்டிருக்கிறார். காலடியைக் கேட்டுவிட்டார், கூப்பிடவில்லை. சொல்லிக் கூப்பிட அவரிடம் இனி ஒரு பயனும் மிச்சமில்லை.

சாமுவேலின் கால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்ல என்னால் ஆகாது. உங்களால் ஆகுமென்றால் சொல்லுங்கள். அவன் நின்றுகொண்டிருக்கிறான்.