நீதி மிளகாய்த்தூள்

'அநியாயத்தைச் சுட்டெரிக்கும் காரம்' என்று பாக்கெட்டில் அச்சடித்து வந்திருந்தது. சிவப்பு எழுத்து, சுற்றிலும் தீக்கொழுந்து. பொற்கொடி அதை இரண்டு விரலால் நுனியில் பிடித்துப் பார்த்தாள், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி. அவள் மில்லில் அரைக்கிற தூள் குழம்பைச் சிவக்க வைக்கும், நாக்கில் சுள்ளென்று ஏறும், அவ்வளவுதான். அநியாயத்தை எரிக்கிற வேலையை அவள் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

சூலூரில் அந்த மாவு மில்லை அவளும் புருஷன் ஆறுச்சாமியும் தொடங்கி ஏழு வருஷம். அதற்கு முன்னால் இரண்டு பேருமே அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். மிளகாய்ப் பழம் பறிக்கிற பருவத்தில் கை எரிகிற எரிச்சலில் சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் அள்ளித் தின்றவள் பொற்கொடி. மிளகாயை அவளுக்குத் தெரியும். காம்பு கிள்ளி, மொட்டை மாடியில் மூன்று வெயில் காயவைத்து, சாயம் கலக்காமல் அரைப்பாள். நிறம் கொஞ்சம் மங்கல்தான். ஏன் மங்கல் என்று கேட்கிறவர்களிடம் காரணத்தைச் சொல்லுவாள். அடுத்த வாரம் அவர்கள் பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். இப்படியே நகர்ந்து நகர்ந்து கருமத்தம்பட்டி வரைக்கும் இருபத்திரண்டு மளிகைக் கடைகளில் அவள் தூள் இருந்தது. இன்னும் பத்துக் கடை பிடித்தால் இரண்டாவது மிஷின் போட்டுவிடலாம். அந்த மிஷின்தான் அவள் கண்ணிலேயே நின்றது.

ஆறுச்சாமிக்கு அந்த ஆமை நடை பொறுக்கவில்லை. கோயமுத்தூரில் ஏதோ ஓட்டல் ஹாலில் தொழில் வளர்ச்சிக் கூட்டம் என்று போனவர், கழுத்தில் அட்டை தொங்கத் திரும்பினார். மறுநாளே கதிர்வேல் என்கிற விளம்பரக்காரனை மில்லுக்குக் கூட்டி வந்தார். கதிர்வேல் தூளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. யார் வாங்குகிறார்கள், எதற்காக உங்களிடம் வருகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. செல்போனில் படம் எடுத்துப் பார்த்து, கலர் டல் என்றான். 'பொற்கொடி மில் தூள்' என்ற பெயரில் கதையே இல்லை என்றான். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் சனங்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுகிறார்களே, அதைவிடப் பெரிய கதை எந்த மசாலாவுக்குக் கிடைக்கும் என்று கேட்டுவிட்டு, சந்தோஷத்தில் அவனே கை தட்டிக்கொண்டான்.

பொற்கொடிக்கு அந்தக் கோயிலைத் தெரியும். பொருளைத் திருடினவன், குடியைக் கெடுத்தவன் யாரென்று தெரிந்தும் ஒன்றும் செய்ய வழியில்லாதவர்கள் கடைசியாகப் போய் நிற்கிற இடம் அது. அங்கே அரைபடுகிற மிளகாய் அந்தப் பாவிக்கு எரியட்டும் என்று அரைபடுவது.

"அது சாபம் உடற மொளகாயுங்க. அதையக் கொண்டாந்து நம்ம வேவாரத்துல கோக்காதீங்க" என்று புருஷனிடம் சொன்னாள்.

உனக்கு மார்க்கெட்டிங் தெரியாது என்றார் ஆறுச்சாமி. அந்த வார்த்தையை அவர் கற்றுக்கொண்டு இரண்டு நாள் ஆகியிருந்தது.

அமாவாசையன்று இலவசமாகக் கொடுக்க, 'நீதி மிளகாய்த்தூள்' என்று அச்சடித்த மூவாயிரம் சின்னப் பாக்கெட்டுகளை ஆம்னி வேனில் ஏற்றிக்கொண்டு ஆனைமலைக்குப் போனார்கள். தான் கூட இல்லாவிட்டால் இன்னும் என்னென்ன செய்வார்களோ என்று பொற்கொடியும் ஏறிக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் பிரசாதம் என்று நினைத்து இரண்டு கையாலும் வாங்கினார்கள். சிலர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கதிர்வேல் அதைப் படம் எடுத்தான். கோயில் ஆள் ஒருவர் வந்து விரட்டிய பிறகு வெளியே வந்தான், ஆனால் அடங்கவில்லை.

பூக்கடை ஓரத்தில் வயதான அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அரைத்துப் பூசிவிட்டு வந்தவள். சிவந்து வீங்கிய இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். கதிர்வேல் எதிரே குந்தி உட்கார்ந்து பெயர் கேட்டான். தெய்வாத்தாள் என்றாள். பெயர் கேட்கும்போதே அவன் போன் ஓடிக்கொண்டிருந்தது. பைக்கில் போன மகனை இடித்துப் போட்டுவிட்டு நிறுத்தாமல் போன கார்க்காரன் யாரென்று ஊருக்கே தெரியுமாம், சாட்சி சொல்லத்தான் ஆள் இல்லையாம். அவள் சொல்லச் சொல்ல கதிர்வேல் தலையை ஆட்டினான். குரல் உடைந்த இடத்தில் நிறுத்தி, அதை மட்டும் வெளிச்சத்துப் பக்கம் திரும்பி இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். அப்புறம் எரிகிற அந்தக் கையில் பாக்கெட்டை வைத்தான்.

"அம்மா, இதுதான் அம்மனுக்கு ஏத்த காரம்னு ஒரு வார்த்தை. அழுதுட்டே சொன்னாக்கூட நல்லாருக்கும்."

தெய்வாத்தாள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவனை விட்டுவிட்டுப் பொற்கொடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன அம்மணி இது, விக்கறதா?"

"ஆமாங்க."

"நா ஒருத்தன் குடி வெளங்கக் கூடாதுன்னு அரைச்சுப்போட்டு வந்து உக்காந்திருக்கறன். இதுல என்ன கண்ணு விக்கறதுக்கு இருக்குது?"

பொற்கொடி எதிர்க் கடையில் தயிர் வாங்கி வந்து அந்தக் கைகளில் பூசிவிட்டாள். கதிர்வேல் அதையும் எடுத்தான். அன்று சாயங்காலம் அவன் ஏற்றிய வீடியோவில் அதுதான் முடிவு. 'காரத்திலும் கருணை' என்று எழுத்து ஓடியது. தெய்வாத்தாளின் கேள்வியை வெட்டி எறிந்துவிட்டு அழுகையை மட்டும் வைத்திருந்தான், பின்னால் வயலின் வேறு. போடாதே என்று பொற்கொடி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். சம்மதம் கொடுத்தது ஆறுச்சாமி.

நாலே நாளில் மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். ஆறுச்சாமி மணிக்கொரு தரம் எண்ணிக்கையைப் படித்துக் காட்டினார். கக்கூசுக்குப் போனாலும் போனோடு போனார்.

அந்த வாரம் கடைகளில் இருந்து ஆர்டர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கேட்டால், புதுப் பாக்கெட்டில் போன சரக்கே நகரவில்லை என்றார்கள். மில்லுக்கு மிளகாய் கொண்டுவருகிற பெண்களும் குறைந்தார்கள். வந்தவர்கள், அந்தக் கோயில் மிளகாயையும் இந்த மிஷினில்தான் அரைத்தீர்களா என்று விசாரித்துவிட்டு மல்லியை மட்டும் கொடுத்தார்கள். ஒருத்தி, மகள் மாசமாக இருக்கிறாள், தப்பாக நினைக்காதீங்க என்று சொல்லியே பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

தாஜுன்னிசா மட்டும்தான் முகத்துக்கு நேரே பேசினாள். விசேஷ வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கிக் கொடுக்கிறவள். ஐந்து வருஷமாக அவளுக்குத் தூள் இங்கேதான்.

"எனக்கு அதுல ஒண்ணுமில்லக்கா. நேத்து ஒரு வளைகாப்பு. பொண்ணோட மாமியா அடுப்புக்கிட்ட வந்து, எந்தத் தூள் போட்டேனு கேட்டாங்க. உங்க பேரைச் சொன்னேன். அண்டாவை எறக்கச் சொல்லிட்டாங்க. புள்ளத்தாச்சி சாப்புடறதுல சாப மொளகாயானு என்னையக் கேக்கறாங்க. நான் என்னத்தச் சொல்ல? வீடியோல நிக்கறது நீங்கதான?"

பொற்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். இனி வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல தாஜுன்னிசாவுக்கும் வாய் வரவில்லை. சொல்லாமலே போனாள்.

கதிர்வேலை வரவழைத்தார்கள். ரீச் பிரமாதம் என்றான். இனி இரண்டாவது கட்டமாம். பாக்கெட்டோடு உள்ளங்கை அகலத்தில் ஒரு கல் இலவசம், வீட்டிலேயே பூசிக்கொள்ளலாமாம். சொல்லும்போது அவன் முகத்தில் கூச்சம் மருந்துக்கும் இல்லை. எச்சில் இலையைப் பார்ப்பது போல அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள் பொற்கொடி.

"இந்த ஏரியாவுல இப்ப உங்க பேர் தெரியாத ஆளே கிடையாதுங்கக்கா."

"ஆமா தம்பி. தெரிஞ்சதுனாலதான் யாரும் வாங்கறதில்லை. வீடியோவ எடுத்துப்போட்டுக் கெளம்புங்க."

எடுத்தான். வாட்ஸ்அப்பில் சுற்றுவதை அவனாலும் அழிக்க முடியாது.

மில்லில் நானூறு கிலோ பாக்கெட்டாகக் கிடந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த ஆறுச்சாமி புதிதாக ஒரு யோசனை சொன்னார். பாக்கெட்டை வெட்டி, வெறும் கவரில் மாற்றி, வேறு பெயர் ஒட்டி அவிநாசிப் பக்கம் தள்ளிவிடலாம். தூள் அதே தூள்தானே, யாருக்குத் தெரியப் போகிறது.

பொற்கொடி எழுந்துபோய் மில்லில் இருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து வந்து, அவர் பார்க்கவே வெட்டி, அடுப்பில் கொதித்த தட்டப்பயிற்றுக் குழம்பில் இரண்டு கரண்டி போட்டாள். பச்சை வாசனை போகிற வரைக்கும் நின்று கிண்டினாள். அவர் வட்டிலில் சோற்றைப் போட்டு மேலே ஊற்றினாள்.

அவர் பிசைந்தார். உருட்டினார். கை வாய்க்குப் போகவில்லை.

"ஏனுங்க, அதே தூள்தானுங்களே?"

"அந்தம்மா மொகம் வருது புள்ள" என்றார். வட்டிலைத் தள்ளி வைத்தார்.

பொற்கொடி அதைத் தன் பக்கம் இழுத்து அவர் பிசைந்த சோற்றையே சாப்பிட்டாள். நல்ல தூள். காரம் ஒரே சீராக ஏறியது. இவ்வளவு நல்ல பண்டத்தை மனிதர் வாயில் வைக்க முடியாமல் ஆக்கிவிட்டார்களே என்று நினைத்தாள். தண்ணீர் குடித்துக்கொண்டாள்.

"நம்மளாலயே திங்க முடியாததை அவிநாசிக்காரங்க திங்கோணுமா? கடைக்காரங்களுக்குப் போன் போடுங்க. சரக்கை நாமளே வந்து எடுத்துக்கறமுன்னு சொல்லுங்க. தப்பு நம்ம பேர்லன்னும் சொல்லுங்க."

ஆறுச்சாமி கை கழுவிவிட்டு வந்து முதலில் கருமத்தம்பட்டிக் கடைக்குப் போட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். அவர் திக்கித் திக்கி முடிக்கிற வரை கடைக்காரர் குறுக்கே பேசவில்லை.

"எடுத்துட்டுப் போயிருங்க. பழைய பேர்ல பழையபடி கொண்டாந்தா வெக்கறனுங்க. ஆனா இப்ப வேண்டாம். ஒரு ஆறு மாசம் போகட்டும். சனம் மறக்கோணுமில்லீங்க."

"ஆறு மாசமாமா" என்றார் ஆறுச்சாமி, அவளுக்குக் கேட்கவில்லை என்பது போல.

இரண்டாவது மிஷின் இந்த வருஷம் இல்லை. அடுத்த வருஷமும் சந்தேகந்தான். பொற்கொடி வட்டிலை வழித்துத் தின்றாள்.

"கேட்டுச்சுங்க. அடுத்த கடைக்குப் போடுங்க."