ஏறிக்கொண்டே போன ஆயில்

ஓடுகிற வண்டியில் ஆயில் குறையும், அதுதான் வழக்கம். சிறுமலையில் வாழைத்தார் ஏற்றும் கிளெமென்டின் பழைய ஜீப்பில் மட்டும் ஆயில் ஏறியது! 1997 சர்ச் திருவிழாவில் சாமியார் வண்டியை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த மறுவாரத்திலிருந்து இந்தக் கூத்து. விடிந்ததும் இஞ்சினிலிருந்து ஆயில் அளவுக்கம்பியை உருவினால், நேற்றைய அளவுக்கு மேலே ஒரு நூல் கூடியிருக்கும். யாரும் ஊற்றவில்லை.

அவன் பயந்துபோனான். மனைவி லிடியாவோ கும்பிட்டு அழுதாள். இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள், இப்போது மூன்றாவதைச் சுமக்கிறாள். "ஆயில் ஏறுற வரைக்கும் நம்ம புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்றாள். தினமும் கம்பியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வயிற்றில் சிலுவை போடச் சொல்வாள்.

பேகம்பூர் மெக்கானிக் அப்துல் வாஹித் கம்பியை மோந்ததும் முகம் சுளித்தார். "ஏலே, டீசல் வாடை குப்புன்னு அடிக்குது. பம்புல கசிஞ்சு ஆயில்ல இறங்குது. இன்னைக்கே வடிச்சிரு. இல்லாட்டி ஒருநா இஞ்சின் அந்த ஆயிலையே குடிச்சுக்கிட்டு ஓடும். சாவியத் திருப்புனாலும் நிக்காது."

கேட்டானா? வடித்துவிட்டு லிடியா முகத்தில் எப்படி முழிப்பது! "நாளைக்கு வாரேண்ணே" என்று நழுவிவிட்டான்.

மாசம் நிறைந்து ஒரு மத்தியானம் வலி எடுத்தது. பஸ் சாயங்காலம்தான். லிடியாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலை இறங்கினான். பாதி வழியில், மிதிக்காமலே இஞ்சின் உறுமத் தொடங்கியது. பிரேக்கை அழுத்தி ஓரங்கட்டினான், சாவியைத் திருப்பி உருவினான். நிற்கவில்லை. வெள்ளைப் புகை வளைவையே மூடியது. லிடியாவைத் தூக்கிவந்து தடுப்புக்கல்லில் உட்காரவைத்தான். சாவி அவன் கையில் இருந்தது. ஆளில்லாத ஜீப், யாரோ உள்ளே உட்கார்ந்து மிதிப்பதுபோல அலறிக்கொண்டே இருந்தது.

பிறகு ஒரு முக்கல். அப்படியே அடங்கிவிட்டது. காட்டில் ஒரு குருவிகூடக் கத்தவில்லை.

ஓடிப்போய்க் கம்பியை உருவினான். நுனியில்கூட ஆயில் படவில்லை. இத்தனை நாள் கொடுத்ததையெல்லாம் அதுவே குடித்துத் தீர்த்திருந்தது.

"ஏங்க, ஆயில் இருக்கா?" புகைக்கு அப்பாலிருந்து லிடியா கேட்டாள்.

"இருக்கு லிடியா. நேத்தைக்கு விடக் கூட இருக்கு."

"ஒரு சொட்டு தடவுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பாவி மனுஷன், வெறும் விரலால் அவள் வயிற்றில் சிலுவை போட்டான். அந்த விரலை உள்ளேயிருந்து ஒரு கால் எட்டி உதைத்தது. மேலே வளைவில் வாழைத்தார் லாரியின் ஹாரன் கேட்டது. கிளெமென்ட் அழுதுகொண்டே நடுரோட்டுக்கு ஓடினான்.