காலி ஷோகேஸ்

என் அக்காவுக்குக் கல் என்றால் உயிர், பேரம் என்றால் அலர்ஜி. துணி வியாபாரக் குடும்பத்தில் பிறந்துவிட்டு, வந்தவர் கேட்ட விலைக்கே "சரி, எடுத்துக்கோங்க" என்று மடித்துக் கொடுக்கிற பெண்ணை எந்தக் கடையில் உட்காரவைப்பது? அப்பாவே நிம்மதிப் பெருமூச்சோடு அவளைக் கல்லூரிக்கு அனுப்பிவைத்தார். நிலவியல் படித்தாள். இப்போது அருங்காட்சியகத்தில் ஒரு கூடத்துக்குப் பொறுப்பு. நான் கடைகளுக்கு ஷோகேஸ் அலங்காரம் செய்கிறவன். தெருவோடு போகிறவர்களை நிற்கவைப்பது என் தொழில். நிற்கிறவர்களை ஓடவைப்பது உன் தொழில் என்று அவளிடம் சொன்னால் இரண்டு நாள் பேசமாட்டாள்.

பொய்யா சொல்கிறேன்? அவளுடைய கூடம் டிக்கெட் தருகிற இடத்துக்கும் டைனோசர் கூடத்துக்கும் நடுவில் இருக்கிறது. உள்ளே ஒரே ஒரு கறுப்புக் கல், ஆறி இறுகிய எரிமலைக் குழம்பு. பக்கத்தில், இருபத்தைந்து கோடி வருடத்துக்கு முன்னால் பூமி பிளந்து குழம்பு வழிந்ததைப் பற்றி ஒரு பெரிய பலகை. படித்து முடிக்க மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகவேண்டும். ஜனங்களுக்கு அது கூடமே இல்லை, நடைபாதை.

"நான் ஒரு வாய் டீ குடிக்கிறதுக்குள்ள முப்பது பேர் போயிடறாங்க மேடம்" என்பார் வாசலில் இருக்கும் காவலாளி அண்ணன். அவருக்குக் கடிகாரம் தேவையில்லை, டீ டம்ளர் போதும்.

கடைசியில் இயக்குநர் சொல்லிவிட்டார். கூடத்தைப் புதுப்பித்துத் திறக்கலாம். திறக்கிற ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் அங்கே பரிசுப் பொருள் கடை வரும், அந்தக் கல் கிடங்குக்குப் போகும். அக்கா அந்தக் கூடத்துக்கு ஒன்பது வருடம் உழைத்தவள்.

அன்று சாயங்காலம் என் பட்டறைக்கு வந்தாள்.

"உனக்கு வேலை இல்லாம இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

"யார் சொன்னா?"

"உன் முகம். சரி, கேளு. எரிமலை சம்பந்தமா ஒரு கூடம் செய்யணும்..."

எரிமலை என்றதும் நான் காதை மூடிக்கொண்டு கையைத் திறந்துவிட்டேன். வாடிக்கையாளர் வாயைத் திறக்கும்போதே அளவு நாடாவை எடுக்கிற பழக்கம் எங்கள் குடும்ப நோய். அவள் எழுதிக் கொடுத்த எட்டுப் பக்கம் பெயின்ட் டப்பாவுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டு நாளில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மலை எழுப்பினேன். கம்பி வலை, பிளாஸ்டர், உச்சியில் சிவப்பு பல்ப், புகை விட ஒரு மிஷின். குமுறல் சத்தத்துக்கு என் பழைய கிரைண்டர்.

அக்கா வந்து பார்த்தாள்.

"என்னடா இது?"

"சுவிட்ச் போடட்டுமா?"

"போட்டுடாதே. எழுதிக் குடுத்ததைப் படிச்சியா?"

"படிச்ச மாதிரிதான்."

பெயின்ட் டப்பா மேலேயே உட்கார்ந்தாள், தான் எழுதிய பக்கங்கள் மேல்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாமல். "இந்த மாதிரி ஒரு மலை டமார்னு வெடிக்கலடா. பூமி நீளநீளமா பிளந்துச்சு. குழம்பு வழிஞ்சு, ஆறி, அது மேல மறுபடி வழிஞ்சுச்சு. நம்ம கடையில துணிக்கட்டு அடுக்குவோமே, அந்த மாதிரி. லட்சக்கணக்கான வருஷம்."

"அவ்வளவு மெதுவா வந்தா எல்லாரும் நடந்தே தப்பிச்சிருக்கலாமே."

"குழம்புக்குத் தப்பிக்கலாம். காத்துக்கு? அடியில கிடந்த நிலக்கரியெல்லாம் வெந்து கரியமில வாயுவா மேல போச்சு. பூமி சூடாச்சு. அந்த வாயு கரைஞ்சு கடல் புளிச்சுச்சு, ஓடு கட்டுற உயிருக்கெல்லாம் ஓடு கட்ட முடியல. தண்ணியில ஆக்சிஜனும் குறைஞ்சுது. எரிமலைய ஜென்மத்துல பார்க்காத உயிரெல்லாம் உலகத்தோட இன்னொரு மூலையில செத்துச்சு. கடல்ல பத்து வகைக்கு ஒன்பது வகை போச்சு."

"தப்பிச்சது யாரு?"

"சில சிப்பி, சில நத்தை. தரையில பன்னி மாதிரி ஒண்ணு. ரெண்டு கோரைப்பல், எதையாவது மேயும், வளை தோண்டித் தூங்கும். உன்னைப் பார்த்தா அதோட ஞாபகம்தான் வரும்."

"பொழைச்சுதுல்ல? அதைச் சொல்லு."

சிரித்தாள், உடனே நிறுத்திக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமைக்கு ஒரு வாரம்தான் இருக்கு. நடக்காததை வைக்க மாட்டேன். நடந்ததை வெச்சா யாரும் நிக்க மாட்டாங்க. கல்லைக் கிடங்குக்கு அனுப்பிட வேண்டியதுதான்." அவள் அழுகிற ரகம் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பாள். அன்று கண்ணாடி தேய்ந்தே போயிருக்கும்.

மறுநாள் ஒரு செருப்புக் கடையில் எனக்கு வேலை. ஷோகேஸைக் கழுவுவதற்காகச் செருப்புகளை எல்லாம் இறக்கினேன். சின்னச் சின்னத் தாங்கிகளும் பெயர் அட்டைகளும் மட்டும் மிச்சம். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் வெளியே ஏழு பேர்! ஒரு வருடமாக நான் பார்த்துப் பார்த்து அடுக்கிய செருப்புகளை ஏறெடுத்துப் பார்க்காத தெரு, காலித் தாங்கிகளை வைத்த கண் வாங்காமல் பார்க்கிறது. ஒருத்தர் கண்ணாடியில் தட்டி, "என்னங்க, கடையை மூடிட்டாங்களா? எல்லாம் எங்க போச்சு?" என்றார்.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அக்காவுக்கு போன் போட்டேன். "அக்கா, பத்துல ஒன்பது போச்சுன்னு சொன்னியே, போனதோட பேரெல்லாம் உனக்குத் தெரியுமா?"

"தொண்ணூறு வேணுமா, தொள்ளாயிரம் வேணுமா?"

சுவர் முழுக்க நூறு தாங்கிகள் வைத்தோம். ஒவ்வொன்றின் மேலும் ஒரு குட்டி விளக்கு, கீழே ஒரு பெயர் அட்டை. பத்துத் தாங்கிகளில் மட்டும் பொருள்: சிப்பி, நத்தை, அந்த மாதிரி. மீதித் தொண்ணூறும் காலி. அட்டைக்குத்தான் பெரிய சண்டை. ஒவ்வொன்றுக்கும் அவள் எட்டு வரி எழுதினாள், நான் இரண்டு வரியாக வெட்டினேன்.

"அறிவியலைக் கத்திரிக்கிறே நீ."

"துணியும் கத்திரிச்சாத்தான்கா சட்டை."

டிரைலோபைட் என்று ஓடு போட்ட ஒரு கடல் பிராணி. அதன் அட்டையில் கடைசியில் நின்றது இவ்வளவுதான்: 'இருபத்தேழு கோடி வருடம் இருந்தது. இப்போது இல்லை.' படித்துவிட்டு அக்கா அடுத்த அட்டையைத் தானே வெட்டிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதலில் நுழைந்த நாலு பேர் வழக்கம்போல் டைனோசரை நோக்கி நடந்தார்கள். அக்காவின் கை மூக்குக்கண்ணாடிக்குப் போனது. பின்னால் ஒரு தம்பதி. அந்தம்மா ஒரு காலித் தாங்கி முன்னால் நின்றுவிட்டார்.

"இங்க ஒண்ணும் இல்லையேங்க."

"வைக்க மறந்திருப்பாங்க. வா."

"இல்லையே, 'இப்போது இல்லை'ன்னு போட்டிருக்கே. இதுவும் போச்சா? பக்கத்துல இருக்கிறதும் போச்சு. அதுக்கும் பக்கத்துல... அட கடவுளே."

"போதும், வா. டைனோசர் காத்துட்டிருக்கு."

"அது எங்கயும் போகாது. நீங்க இருங்க, ஒண்ணாவது மிஞ்சுச்சான்னு பார்த்துட்டு வரேன்."

ஒரு சிப்பியைக் கண்டுபிடித்ததும், தொலைந்த கம்மல் கிடைத்த மாதிரி, "இருக்கு, இருக்கு!" என்று கூவினார். போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பியவர்கள் வந்தார்கள். அரை மணியில் சுவரோரம் கால் வைக்க இடமில்லை. மிஞ்சிய பத்தையும் தேடுகிறார்கள், தேடுகிற சாக்கில் தொண்ணூறையும் படிக்கிறார்கள். தேடி முடித்தவர்கள், யார் செய்த வேலை இது என்று கேட்டு அந்தக் கறுப்புக் கல்லிடம் வந்து நிற்கிறார்கள்.

இயக்குநர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். காலித் தாங்கிகளைப் பார்த்து முகம் சுருங்கியது. "மேடம், பொருள் எல்லாம் இன்னும் வந்து சேரலையா?"

"இனிமே வராது சார்" என்றாள் அக்கா.

அவர் இரண்டு அட்டை படித்தார். மூன்றாவதில் நின்றுவிட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்லா இருக்கு. மூணு மாசம் ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம். ஆனா பின்கட்டுல ஒரு மலை கிடக்கே, அதைக் கொண்டுவந்து நடுவுல வைங்க. அந்தக் கல்லை எடுத்துடலாம்" என்றார்.

மலையை அருங்காட்சியகப் பின்கட்டில் இறக்கியவன் நான்தான். செய்ததைத் தூக்கிப்போட மனசு வருமா? அக்கா என்னைப் பார்த்த பார்வையில் இன்னொரு இனம் அழிந்திருக்கும்.

ஆனால் அவள் குரலை உயர்த்தவில்லை. "அப்ப வேண்டாம் சார். பரிசுக் கடையே போட்டுக்கோங்க." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

இந்த நடை எனக்குத் தெரியும். எங்கள் கடையில் விலை படியாமல் ஆயிரம் பேர் இப்படி நடந்திருக்கிறார்கள். வேகமாகவும் இருக்கக்கூடாது, திரும்பியும் பார்க்கக்கூடாது. ஒரு அடி. இரண்டு அடி. மூன்றாவது அடி வாசலைத் தொடுவதற்குள், "மேடம், மேடம், இருங்க!" என்றார் இயக்குநர்.

பத்து நிமிடத்தில் முடிந்தது. கூடம் நிரந்தரம். கல் அதே இடம். மலை வெளியே குழந்தைகள் விளையாடும் முற்றத்துக்கு. அதன் கீழே ஒரு பலகை வைக்கவேண்டும் என்றும் அக்கா கேட்டு வாங்கினாள்: 'இப்படி நடக்கவில்லை. எப்படி நடந்தது என்பதை உள்ளே வந்து பாருங்கள்.'

காவலாளி அண்ணன் ஆறிப்போன டீயைத் தூக்கிக் காட்டினார். கூட்டத்தில் அதைத் தொடவே நேரமில்லை.

"பேரம் பேச வராதுன்னு அப்பாவையே ஏமாத்திட்டியேக்கா" என்றேன்.

"நான் எங்கடா பேரம் பேசினேன்? நிஜமாவே பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னுதான் கிளம்பினேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாது.