மாப்பிள்ளை கூட்டிப் பெருக்கிய தோட்டம்

மிளகு பறிக்க ஏறின ஏணி சறுக்கி, தொடை எலும்பு முறிந்து, தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார் முனியப்பன். காலில் எடைக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வத்தல்மலையில் அவருக்கு ஒரு சரிவு காப்பித் தோட்டம் உண்டு. படுத்த படுக்கையிலும் மனுசன் அதைப் பற்றியேதான் புலம்பிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. மனைவி தீர்த்தம்மாள் எடுத்துப் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாக நீட்டினாள். "இந்தாங்க, நம்ம மாப்பிள்ளைங்க! வீடியோவுல வர்றாரு!"

மாப்பிள்ளை அருள்குமார் கம்பைநல்லூர்க்காரர். கல்யாணப் பந்தியில் தன் பெரியப்பாவை யாரும் கவனிக்கவில்லை என்று முறுக்கிக்கொண்டு போனவர், மாமனார் வாசலை மிதித்து வருசக்கணக்காகிறது. மகள் தேவிப்பிரியாவையும் அனுப்பவில்லை. பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும்! அப்பேர்ப்பட்டவர், மாமனார் விழுந்த சேதி கேட்டதும் பொண்டாட்டியோடு ஏழெட்டு உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு மலையேறிவிட்டார். சொந்தத்தில் ஒருத்தர் படுத்துவிட்டால் கூலி வாங்காமல் போய் அவர் நிலத்து வேலையைச் செய்து கொடுப்பது அவர்கள் வழக்கம்.

"மாமா, பாருங்க உங்க தோட்டத்தை! ஒரே புதர் மண்டிக் கெடந்துச்சு. இனி ஊசி விழுந்தாக்கூடப் பொறுக்கிக்கலாம்!"

முனியப்பன் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தார். சில்வர் ஓக்கும் பலாவும் நின்றன, காப்பிச் செடிகள் நின்றன. வேறொன்றுமில்லை. முழங்கால் உயரப் பெரணியும் காட்டுத்துளசியும் வேரோடு போயிருந்தன. கணுக்கால் புதையக் கிடந்த சருகை வழித்துக் குவித்துக் கொளுத்தியும் விட்டார்கள். தோலுரித்த ஆடு மாதிரிக் கிடந்தது மண்.

மாப்பிள்ளையைக் குறை சொல்லி என்ன செய்ய? கம்பைநல்லூரில் மஞ்சள் வைக்கிறவருக்குப் புல் இல்லாத நிலம்தான் கௌரவம். சமதரையில் அது சரி. இது சரிவாச்சே! மரம் உதிர்க்கிற இலை அந்தப் பெரணிக்கடியில் சிக்கி, மக்கி, கறுத்த மண்ணாகிறது. அதைத்தான் காப்பிச் செடி தின்கிறது. அதன் வேரும் மேலாகத்தான் ஓடும். எரித்த சாம்பலும் உரம்தான், யார் இல்லையென்றார்கள்? முதல் மழை வரைக்கும் உரம். ஒரு சாண் கறுப்பு மண் சேர முனியப்பனுக்குப் பாதி ஆயுசு பிடித்திருந்தது.

"ஓடைப்பக்கம் பாதி பாக்கி இருக்குதுங்க மாமா. நாளைக்குக் காலையில அதையும் வழிச்சிட்டுத்தான் எறங்குவோம்."

பாதி இருக்கிறது! முனியப்பனுக்குப் போன உயிர் வந்தது. "போதுங்க மாப்ளே... அந்தச் சருகு இருக்கட்டுங்க. அது கெடந்தாத்தான்..."

அருள்குமாரின் முகம் சுருங்கிவிட்டது. "ஏங்க மாமா, வேலை சரியில்லீங்களா? எங்க ஆளுங்க கையெல்லாம் கொப்புளமுங்க."

சட்டென்று திரையில் மகள் வந்தாள். போனோடு ஓரமாக நகர்ந்து குரலைத் தாழ்த்தினாள். "அப்பா, உன் கால்ல விழறேன், குறை சொல்லாத. இன்னைக்குத்தான் அவரு நம்ம வூட்டுல கை நனைச்சிருக்காரு. அவரோட பெரியப்பாவும் கூட வந்திருக்காரு. ஒரு வார்த்தை தப்பா வந்தாலும் எனக்கு இந்த வாசப்படி மறுபடி கெடையாதுப்பா."

தீர்த்தம்மாளுக்கும் அந்த மண் தெரியும். கண் கலங்கிப் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர்கிட்ட குடும்மா," என்றார் முனியப்பன். "ரொம்ப சுத்தமா இருக்குதுங்க மாப்ளே. என்னால இப்பிடிச் செஞ்சிருக்க முடியாதுங்க."

"அப்பிடிச் சொல்லுங்க! இனி வருசா வருசம் சித்திரையில நானே ஆள் கூட்டியாந்து வழிச்சிக் குடுத்துர்றேன். நீங்க குனியவே வேண்டாம் மாமா."

மறுநாள் மத்தியானம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. "காப்பி பூக்கிற மழையாச்சே, யோகந்தான் உங்களுக்கு!" என்றார் பக்கத்துக் கட்டில்காரர். முனியப்பன் எழப் பார்த்தார். காலில் கட்டின கல்தான் ஆடியது.

சாயந்திரம் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். ஓடையைக் காட்டினாள். இரு கரையும் தொட்டுத் தண்ணீர் கறுகறுவென்று ஓடியது. பின்னால் மாப்பிள்ளையின் குரல், "எவ்வளோ தண்ணி பாத்தீங்களா மாமா!" என்றது.

படம் மெல்ல நடுங்கியது. அந்த மண்ணில் வளர்ந்த பிள்ளை, அவளுக்குத் தெரியாதா? அழுகிறாள்.

"அப்பா," என்றாள். "நல்லாருக்குதுன்னு சொல்லுப்பா. அவரு கேட்டுட்டு நிக்கறாரு."

"நல்லாருக்குதும்மா," என்றார் முனியப்பன்.